வேதப்படிப்பு ஐக்கியத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரங்கள்.

மாதாந்தரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் நாம் தியானித்த "கிறிஸ்துவுக்காக விட்டுக்கொடுத்தல்" பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

லூக்கா 18, 19 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தது மிகவும் பயன்பட்டது. இரண்டிலும் ஒரு செல்வந்தன் வருகிறான். உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொல்லக் கேட்ட முதலாமவன் மிகுந்த துக்கமடைகிறான். அவன் ஆஸ்தியில் ஒரு காசும் குறையவில்லை, ஆனாலும் துக்கம். இரண்டாமவனான, வரி வசூலிப்போரின் தலைவன் சகேயுவிடமோ இயேசு பணத்தைப் பற்றிக் கேட்டதாகவே எழுதப்படவில்லை. அவர் தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில், பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் அவனே சொல்கிறான். சந்தோஷம் முன்னே வந்தது, கொடுத்தது பின்னே. இந்த வரிசையை நாம் அடிக்கடி தலைகீழாக்கிவிடுகிறோம்.

இளைஞர் கூட்டத்தில் ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெலின் வாழ்க்கை பேசப்பட்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்ததால் அவர் அதில் ஓடவில்லை. 400 மீட்டரில் தங்கம் வென்றார். தியாகத்துக்குக் கிடைத்த பலன் அந்தப் பதக்கம் என்று சிலர் கருதினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியானால் அது வெறும் கொடுக்கல் வாங்கல். மறு ஆண்டே அவர் சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனார். 1943 முதல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இருந்தபடி பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், விளையாட்டுகள் நடத்தினார். அவர்களுக்கு அவர் 'எரிக் மாமா'. 1945இல் அங்கேயே மரித்தார். அவருடைய நிறைவை நான் அந்த முகாமில்தான் பார்க்கிறேன்.

லெந்து எனும் தவக்கால நாட்களில் மாலை நேரத் தொலைக்காட்சியை விட்ட ஒரு சகோதரி, பார்வை மங்கிய ஒரு முதியவருக்குச் சங்கீதங்களை வாசிக்கத் தொடங்கினார். ஈஸ்டருக்குப் பின்னும் நிறுத்தவில்லை. தாம் தடுமாறும் வார்த்தையை அந்த முதியவர் மனப்பாடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவும், அந்த நேரத்துக்காகவே தாம் பகலெல்லாம் காத்திருப்பதாகவும் சாட்சி சொன்னார்.

ஓர் எச்சரிக்கையும் பதிவாக வேண்டும். 'கொர்பான்', அதாவது 'இது தேவனுக்குக் காணிக்கை' என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7இல் படித்தோம். நம் தியாகத்தின் பாரம் வீட்டாரின் தோளில் விழக் கூடாது. அவர்கள் சம்மதமின்றிப் பொருத்தனை செய்ய வேண்டாம் எனச் செயற்குழு கேட்டுக்கொண்டது.

வரும் ஆண்டில் முதியோருக்கு வேதம் வாசிக்க முன்வருவோர் இன்றே உதவிச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்