பந்தலுக்குக் கீழே வரைந்த படங்களுக்காக ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரை திருப்பாலையில் எங்கள் தெருக் கூடத்தில் மாட்டியிருந்த துணி ஓவியங்களைப் பார்க்க வந்த அனைவருக்கும் நன்றி. படத்தின் மூலையில் ஒருவர் பெயர் எழுதத்தான் இடம் இருக்கும். மற்றவர்களை இங்கே சொல்கிறேன்.

முதலில் எதிர்வீட்டு அத்தை. ஆடி பிறந்ததும் பீர்க்கு, புடலை, அவரை விதைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். பந்தலுக்குக் கயிறு கட்டும்போதும் கூடவே நின்றார். புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக இறங்க, நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிடுவார். கூடத்தில் பலரும் நின்று பார்த்த அந்த நீளப் படம் முழுக்கக் கல் தொங்கும் புடலைகள்தான். பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும், பூவுக்குக் கீழே பிஞ்சு இருந்தால் அது பெண்பூ என்றெல்லாம் காட்டியதும் அவரே. அத்தை, ஒரு பூவை எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எந்த ஓவிய வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் சொன்னீர்கள்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. படங்களில் உள்ள கறுப்பு, கடையில் வாங்கிய மை இல்லை. கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்து, அதில் வேட்டித் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலில் கொழுப்பு இருப்பதால் கோடு பரவாது. அப்புறம் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றை மூங்கில் குச்சியில் தொட்டு வரைந்தால் பட்ட இடம் கறுக்கும். துணியில் இயற்கைச் சாயத்தால் கையால் படம் வரையும் கலம்காரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் முறை இது. அண்ணாச்சி முற்றின கடுக்காயாகப் பொறுக்கி, கொட்டை நீக்கி, இடித்தே கொடுத்தார். கடையில் கூட்டம் நிற்கும் நேரத்திலும் முகம் சுளித்ததில்லை.

இலைப் பச்சைதான் பெரிய சவால். கீரையைப் பிழிந்து பூசினால் வெயில் பட்டுச் சீக்கிரம் வெளுத்துவிடும். மாதுளைத் தோலில் மஞ்சள் ஏற்றி, அதன்மேல் அவுரி நீலம் கொடுத்தால் பச்சை நிற்கும். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைத் தம்பி அந்தத் தோலைக் குப்பையில் போடாமல் பையில் கட்டி வைத்திருப்பான். தம்பி, அந்தப் பச்சை முழுக்க உன்னுடையது.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அண்ணன், நான் பிடித்துக் கொண்டுபோன மண் கத்தரிக்காய்களைத் தன் பொம்மைகளோடு சூளையில் வைத்துச் சுட்டுத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மாடிவீட்டு அக்கா, கோடையில் அரிசி கழுவின தண்ணீரை ஒரு சொட்டுக்கூடக் கொட்டாமல் செடிகளுக்குச் சேர்த்து வைத்தார். வாசலில் தொங்கிய துணியில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயம் தொட்டு ஐந்து இதழ்ப் பூக்களாக அச்சு குத்தியது தெருப் பிள்ளைகள். அந்தத் துணியைத்தான் நிறையப் பேர் விலைக்குக் கேட்டார்கள். அது பிள்ளைகளுடையது, விற்பதாக இல்லை.

படம் வாங்கியவர்கள் நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். இயற்கைச் சாயம் அப்போதுதான் நிலைக்கும். தை மாதம் அவரை முற்றிக் காய்ந்ததும் விதை எடுப்போம். வேண்டியவர்கள் அத்தையிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; எப்படி ஊன்றுவது என்றும் சொல்லித்தான் அனுப்புவார்.

அன்புடன்,
திருப்பாலையிலிருந்து உங்கள் ஓவிய டீச்சர்