பாப்பாவின் முழங்கால்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வாரம் 2 நாள் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் பாப்பாவை பஸ்ஸில் அலைக்கழிப்பதற்கு, பேசாமல் ஆன்லைனில் பரதம் சேர்த்துவிடலாம் என்று நேற்று போனில் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் சிரமம் எனக்குத் தெரியாததா? ஐப்பசி மழையில் எங்காவது மண் சரிந்தால் பஸ்ஸே கிடையாது. ஆனாலும் போன வாரம் வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

தட்டடவு, அதாவது காலால் தரையைத் தட்டிப் பழகும் முதல் அடவு. "தையா தை" முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாப்பா அழகாகத்தான் தட்டினாள். இரண்டாம் காலமும் பரவாயில்லை. வேகமான மூன்றாம் காலம் வந்ததும், முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி மெல்ல மேலே எழும்பியது, வலது முழங்கால் உள்ளே விழுந்தது. டீச்சர் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பாப்பாவின் முன்னால் குந்தி, முழங்காலை உள்ளங்கையால் வெளிப்பக்கம் திருப்பி, "விரல் எந்தப் பக்கம் பார்க்குதோ, முழங்காலும் அந்தப் பக்கம்தான் பார்க்கணும், கண்ணு" என்றார். பிறகு மறுபடி முதல் காலம்.

அந்தக் கை போன் திரையிலிருந்து நீளாது. சிக்னல் தாமதத்தில் கழிச்சத்தம் ஒரு பக்கம், காலடி ஒரு பக்கம் என்று போகும். தாளம் எங்கே உட்கார்கிறது என்று குழந்தைக்கு எப்படிப் பிடிபடும்?

கொரோனா சமயத்தில் நான் வீடியோ பார்த்து, சிமெண்ட் தரையில் தினமும் தட்டினேன். சில மாதத்தில் படி இறங்க முடியாத வலி. பிறகுதான் இந்த வகுப்புக்கு வந்தேன். முழங்கால் உள்ளே விழுவதை டீச்சர் முதல் நாளே கண்டுபிடித்தார். உடம்பில் ஊறிய அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு ஒரு வருஷம் ஆனது. பாப்பாவுக்கு அது வேண்டாம்.

நம் ஊர்க் குளிரும் சாதாரணமா? வகுப்பில் 20 நிமிஷம் ஓடவைத்து, கை கால் சூடேறின பிறகுதான் அடவே ஆரம்பம். வகுப்பு நடக்கும் அந்தப் பழைய வீட்டின் மரப்பலகைத் தரை, தட்டும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உன் வீட்டு டைல்ஸ் விட்டுக்கொடுக்காது. வீட்டில் பயிற்சி செய்தால் கை முத்திரை, கண், கழுத்து, சொல்கட்டு (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) மட்டும் போதும். குளிருக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடவிடாதே, வழுக்கிவிடும்.

பெரிய பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 7 வயதில் அரங்கேறினாரே, இவள் எப்போது என்றும் கேட்டாய். உண்மைதான், 1925-இல் காஞ்சிபுரத்தில். ஆனால் அவர் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் பேத்தி. குரு கந்தப்பப் பிள்ளை நேரில் இருந்து சொல்லிக்கொடுத்தார். வீடே சங்கீதமாக இருந்த குழந்தை அது. நம் பாப்பா முதல் உருப்படியான அலாரிப்புக்கு எப்போது வருவாளோ, அப்போது வரட்டும். அவசரமே இல்லை.

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள், மறந்துபோன ஒரு வர்ணத்தை (நீண்ட நடன உருப்படி) நினைவுபடுத்திக்கொள்ள ஆன்லைன் உதவும். அதை நான் மறுக்கவில்லை. அரைமண்டியே இன்னும் நிற்காத பிள்ளைக்கு அது சரிவராது.

சனிக்கிழமைதோறும் நானே கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவளைக் கூட்டிப்போகிறேன். வகுப்பு முடிந்ததும் கொண்டுவந்து விடுவதும் என் பொறுப்பு. மற்ற நாள் மட்டும் நீ பார்த்துக்கொள். ஸ்வெட்டர் போட்டு அனுப்பு. தலை ஈரத்தோடு பஸ் ஏற்றிவிடாதே.

அன்புடன்,
அக்கா