சிலை வைப்பதற்கு முன்னால்: கால்பந்து கிளப் இயக்குநர்களுக்கு ஒரு மடல்

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கால்பந்து கிளப்களை நடத்தும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஒரு மேனேஜரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்போது அனுப்புவது என்று உங்களுக்கு யோசனை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் போன பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. அதைச் சொல்ல பில் ஷாங்க்லியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக என் மனதை விட்டுப் போகாத வாழ்க்கை அது.

1974 ஜூலை 12. லிவர்பூல் கிளப்பின் மேனேஜர் பதவியை விடுவதாக ஷாங்க்லி அறிவித்தார். வயது அறுபது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் நியூகாசிலை 3–0 என்று வீழ்த்தி இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையைக் கையில் வாங்கியிருந்தார். ஊரே நம்பவில்லை. களைத்துவிட்டேன், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். ஆகஸ்டில் வெம்ப்ளியில் நடந்த, சீசனைத் தொடங்கிவைக்கும் சாரிட்டி ஷீல்ட் ஆட்டத்தில் அணியை மைதானத்துக்குள் அழைத்து வந்தவரும் அவர்தான். அதோடு அவர் வேலை முடிந்தது.

ஆனால் காலையில் எழுந்தால் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. பதினைந்து வருடப் பழக்கம். மெல்வுட் பயிற்சி மைதானத்துக்குப் போனார், உடற்பயிற்சி செய்தார், ஓடினார். அவரைப் பார்த்ததும் வீரர்கள் வழக்கம்போல 'பாஸ்' என்றார்கள். புது பாஸ் பாப் பெய்ஸ்லியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரே மைதானத்தில் இரண்டு பாஸ் இருந்தால் எந்த அணியும் உருப்படாது. ஷாங்க்லி வருவதைக் குறைத்துக்கொள்வது நல்லது என்பது அவருக்கு உணர்த்தப்பட்டது. அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் அவர் போனது எங்கே தெரியுமா? பெல்ஃபீல்டுக்கு. அதே ஊரின் பரம எதிரியான எவர்டனின் பயிற்சி மைதானம் அது. அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே அவரை வரவேற்றார்கள். லிவர்பூலைவிட எவர்டனிலும் மான்செஸ்டரிலும் தனக்கு அன்பான வரவேற்பு கிடைத்ததாக 1976-இல் வந்த தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். லிவர்பூலை முதல் டிவிஷனுக்குக் கீழே இருந்த இரண்டாம் டிவிஷனிலிருந்து தூக்கி நிறுத்திய மனிதர் அப்படி எழுத நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால்தான் அந்த வலியின் அளவு புரியும். க்ளென்பக் என்பது ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் இருந்த சின்ன நிலக்கரிச் சுரங்க ஊர். இன்று அந்த ஊரே இல்லை. அந்தச் சின்ன இடத்திலிருந்து ஐம்பது பேர் அளவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒன்பதாவதாக 1913-இல் பிறந்தார் ஷாங்க்லி. அண்ணன்மார் நால்வர், இவரோடு சேர்த்து ஐந்து சகோதரர்கள், ஐவருமே தொழில்முறையில் ஆடியவர்கள். பள்ளியை விட்டதும் சுரங்க வேலை. 1932-இல் கார்லைல் கிளப், அடுத்த வருடம் 500 பவுண்டுக்குப் பிரஸ்டன் நார்த் எண்ட். 1938-இல் எஃப்ஏ கோப்பை வென்ற அணியில் இருந்தார், ஸ்காட்லாந்துக்கும் ஆடினார். ஓர் ஆட்டக்காரரின் நல்ல வயது என்று சொல்கிற இருபத்தாறில் போர் வந்து ஆறேழு வருடத்தை விழுங்கிவிட்டது.

1949-இல் மேனேஜராகப் போக பிரஸ்டனை விட்டார். தனக்குச் சேர வேண்டிய நிதியுதவி ஆட்டத்தை, அதாவது வசூல் ஆட்டக்காரருக்கே போகும் ஆட்டத்தை, கிளப் தரவில்லை என்ற மனக்குறை கடைசிவரை அவருக்கு இருந்தது. ஒரு கிளப் வாசலிலிருந்து மனம் நொந்து வெளியேறுவது அவருக்கு 1974-இல் முதல்முறை அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன், ஹடர்ஸ்ஃபீல்ட் என்று பத்து வருடம் சின்ன கிளப்களில் உழைத்தார். இயக்குநர்களிடம் பணம் கேட்பார், அவர்கள் கையை விரிப்பார்கள். அதே கதைதான் எங்கும். 1959 டிசம்பரில் லிவர்பூல் அழைத்தபோது அதுவும் பெரிய கிளப் ஒன்றும் இல்லை, இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபிடம் 4–0 தோல்வி. மெல்வுடில் புல் மண்டிக் கிடந்தது. கிளப்பின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வசதி இல்லை, வெளியூர் அணியின் உடைமாற்றும் அறையில் இருந்த ஒரு குழாயை விட்டால் வேறு வழி கிடையாது. அதைச் சரிசெய்யப் பணம் கேட்டு வாங்கினார்.

பழைய பயிற்சியாளர்களை அவர் துரத்தவில்லை. பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் மூவரையும் அப்படியே வைத்துக்கொண்டார். பூட்ஸ் தொங்கும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். வீரர்கள் ஆன்ஃபீல்டிலேயே உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் மெல்வுட் போவார்கள், பயிற்சி முடிந்ததும் அதே பஸ்ஸில் திரும்பி வந்து, உடம்பு ஆறிய பிறகுதான் குளிப்பார்கள். சூடான உடம்போடு குளித்தால் காயம் வரும் என்று அவர் நம்பினார். பந்தை உன்னிடம் வைத்திராதே, கொடுத்துவிட்டு ஓடு என்பதுதான் மொத்தப் பாடம். 1962-இல் மேல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1964, 1966, 1973-இல் லீக் பட்டம், 1965-இலும் 1974-இலும் எஃப்ஏ கோப்பை, 1973-இல் ஐரோப்பிய கிளப்கள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பை.

கோப்பைகள் இருக்கட்டும், எனக்கு ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 1973 ஏப்ரல். லீக் பட்டக் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். கூட்டத்திலிருந்து யாரோ ஒரு ஸ்கார்ஃபை அவரை நோக்கி எறிகிறார்கள், அது தரையில் விழுகிறது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளுகிறார். ஷாங்க்லி நிற்கிறார், குனிந்து எடுக்கிறார், தன் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார். அப்படிச் செய்யாதீர்கள், யாரோ ஒருவருக்கு அது உயிராக இருக்கலாம் என்று போலீஸ்காரரிடம் சொல்கிறார். ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டரில் பதில் அடித்து அனுப்பிய ஆள் அவர். மூன்றாவது வரிசையில் நிற்பவனுடைய துணிக்கும் மரியாதை உண்டு என்று நினைத்தவர்.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். காயம்பட்ட வீரர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆட முடியாதவன் அணிக்குப் பயன்படாதவன் என்று நினைத்தார், பலர் அதில் மனம் உடைந்திருக்கிறார்கள். 'ஆடவில்லை என்றால் நீ இல்லை' என்ற அந்தக் கடுமைதான் கடைசியில் அவரையே வந்து சேர்ந்தது. பதவியை விட்டதும் அவரால்தான் நடந்தது, யாரும் தள்ளவில்லை. அதனால் லிவர்பூல் இயக்குநர்களை வில்லன்களாக்க எனக்கு மனமில்லை. 1975-இல் ஆன்ஃபீல்டில் அவருக்காகப் பாராட்டு ஆட்டமும் நடத்தினார்கள்.

பக்கத்து ஊரின் பாடமும் அவர்கள் கண்முன் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் மேட் பஸ்பியும் லனார்க்‌ஷயரின் சுரங்க ஊரிலிருந்து வந்தவர்தான். 1969-இல் அணிப் பொறுப்பை விட்டார், ஆனால் பொது மேனேஜராக அங்கேயே இருந்தார், பிறகு இயக்குநரானார். அடுத்து வந்த வில்ஃப் மெக்கின்னஸ் 1970 டிசம்பரோடு போனார். ஃபிராங்க் ஓ'ஃபாரல் 1972 டிசம்பரோடு போனார். பெரியவர் நிழலில் யாராலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. 1974-இல் யுனைடெட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. ஷாங்க்லி விலகியதும் அதே வருடம்தான். பெய்ஸ்லிக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்ற பயம் லிவர்பூலில் இருந்திருந்தால் எனக்கு அது புரிகிறது.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து மௌனம் இல்லை. சுயசரிதையில் ஷாங்க்லி சொல்வதைக் கேளுங்கள். வெளியூர் ஆட்டம் ஒன்றுக்கு கிளப் அவரை அழைக்க இருபது மாதம் ஆனது. 1976-இல் பெல்ஜியத்தின் ப்ரூஜில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் அது. போனார். அணியும் இயக்குநர்களும் ஒரு ஹோட்டலில், இவருக்கு வேறு ஹோட்டல். அதை அவமானமாக உணர்ந்தார். வேண்டுமென்றே செய்தார்களா, அறை கிடைக்காமல் செய்தார்களா என்பதை நான் ஆராயப்போவதில்லை. ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் போதும்.

மற்ற நாட்களை அவர் எப்படியோ ஓட்டினார். லிவர்பூல் வானொலியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். தன் பழைய கேப்டன் ரான் யேட்ஸ் டிரான்மியரில் மேனேஜரானபோது அவருக்கு யோசனை சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் தெருப் பையன்களோடு பந்தாடினார். 1981 செப்டம்பர் 29 அன்று மாரடைப்பில் போனார். வயது 68.

அடுத்த வருடமே ஆன்ஃபீல்டில் அவர் பெயரில் இரும்பு வாசல் எழுந்தது, மனைவி நெஸ்ஸி வந்து திறந்தார். அந்த வாசலின் மேல், நீ தனியாக நடக்கவேமாட்டாய் என்ற கிளப் பாட்டின் வரி. 1997-இல் சிலையும் வந்தது, கழுத்தில் ஸ்கார்ஃப், கைகளை விரித்தபடி. மக்களை மகிழ்வித்தவர் என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு அந்தச் சிலை பிடிக்கும். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் ப்ரூஜின் அந்த இன்னொரு ஹோட்டல் நினைவுக்கு வருகிறது.

கிளாஸ்கோவிலும் இதுதான் நடந்தது. 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை முதன்முதலாகப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தவர் செல்டிக்கின் ஜாக் ஸ்டீன், அவரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பத்து லீக் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர். 1978-இல் மேனேஜர் பதவிக்குப் பதிலாக கிளப் அவர் முன் வைத்தது, பரிசுச்சீட்டுப் பணம் திரட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் லீட்ஸுக்குப் போய்விட்டார். யாரும் அவரை இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார்கள். ஆட்டம் தெரிந்த மனிதருக்கு ஆட்டத்தோடு ஒட்டிய வேலை வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நல்ல உதாரணமும் லிவர்பூலிலேயே இருக்கிறது. 1983-இல் பெய்ஸ்லி ஓய்வு பெற்றபோது இயக்குநர் குழுவில் இடம் கொடுத்தார்கள். 1985-இல் கென்னி டால்கிலிஷ் ஆடிக்கொண்டே மேனேஜரானபோது யோசனை சொல்ல அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். டால்கிலிஷ் பெயரை 2017-இல் ஆன்ஃபீல்டின் ஒரு பார்வையாளர் ஸ்டாண்டுக்கு வைத்தபோது அவர் உயிரோடு இருந்தார், நேரில் வந்து பார்த்தார். ஷாங்க்லிக்குச் செய்யாமல் விட்டதை அந்த கிளப் மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். விலகும் மேனேஜரோடு பண விஷயம் பேசும் அதே நாளில் இதையும் பேசிவிடுங்கள். பயிற்சி மைதானம் புதியவருடையது, அங்கே அழைக்காமல் போகக் கூடாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், பின்னால் யார் மூலமாகவோ சொல்லி அனுப்பாதீர்கள். அதோடு அவருக்கென்று ஒரு வேலை கொடுங்கள். பதினாறு வயதுப் பையன்களுக்கு வாரம் ஒரு காலை பயிற்சி கொடுக்கட்டும், கீழ் டிவிஷன் ஆட்டங்களைப் பார்த்து வந்து சொல்லட்டும், ஊர்ப் பள்ளிகளுக்குப் போகட்டும். வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்தால் அணி தங்கும் ஹோட்டலிலேயே அறை போடுங்கள். மைதானத்தில் அவருக்கும் மனைவிக்கும் எந்த இருக்கை என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு உங்களில் ஒருவர் அவர் வீட்டுக்கே போய் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்