அந்தக் கம்பியை யாரும் அளக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதி டிரைவர் பலி' என்று மாவட்டச் செய்தியில் நாலு வரி வரும். கயத்தாறு தொடங்கி காவல்கிணறு வரை, நான்குவழிச் சாலையில் எங்கே நடந்தாலும் அதே நாலு வரிதான். 'தூங்கியிருப்பான்' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். என் அக்கா மகன் சாகும் வரை நானும் அப்படித்தான் படித்தேன்.

அவனுக்கு 32 வயது. தோவாளையில் பூ ஏற்றி, விடியுமுன் திருநெல்வேலியில் இறக்குகிற குட்டியானை டிரைவர். வள்ளியூர் தாண்டி, நாங்குநேரி வருமுன், ஒரு ஜல்லி லாரி ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாக நின்றிருக்கிறது. பார்க்கிங் விளக்கு எரியவில்லை. முக்கோணப் பலகையும் வைக்கவில்லை. இவன் வண்டி அதற்கடியில் புகுந்துவிட்டது.

நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் 26 வருடமாக வெல்டர். காரியம் முடிந்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் அந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பலகைக் கொக்கியில் ஒரு கொத்து பிச்சிப்பூ சிக்கிக் காய்ந்து கிடந்தது. ஒளிரும் பட்டை மேல் ஜல்லித்தூள் படிந்து, விரலால் துடைத்த பிறகுதான் சிவப்பு தெரிந்தது. பின்னால் மோதுகிற வண்டி அடியில் புகாமல் தடுக்க, லாரியின் பின்பக்கம் கீழே குறுக்காக இருக்க வேண்டிய கார்டு கம்பி மேலே ஏறியிருந்தது. டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 84 சென்டிமீட்டர்.

ஐ.எஸ். 14812 என்ற இந்தியத் தரப்படி அந்தக் கம்பியின் அடிப்பாகம், லோடு இல்லாதபோதுகூட, தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த உயரத்தில் இருந்தால்தான் பின்னால் வரும் வண்டியின் பம்பரும் சேஸும் அதில் முட்டி நிற்கும். மேலே ஏறினால் பம்பர் எதிலும் படாமல் உள்ளே போகும், லாரியின் பின் பலகை நேராகக் கண்ணாடியில் வந்து இறங்கும். காரில் ஏர்பேக் இருந்தாலும் சீட் பெல்ட் போட்டிருந்தாலும் தலைக்கு வருகிற பலகையை அவை என்ன செய்யும்? மூக்கே இல்லாத குட்டியானையில் டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்தான்.

கம்பி ஏன் மேலே போகிறது என்பது எனக்குத் தெரியும். குவாரிப் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தட்டுகிறது என்பார்கள். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது சரியான உயரத்தில் பிடித்துக் கொடுப்போம், திரும்பி வந்ததும் வெட்டி ஏற்றச் சொல்வார்கள். நானே வெட்டி ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. அந்தக் கம்பிக்குப் பின்னால் வரப்போகிற ஆளை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று செத்தவன் மேலேயே எழுதிவிட்டார்கள். வாகன ஆய்வு அறிக்கையில் பிரேக் நன்றாக இருக்கிறது, விபத்து இயந்திரக் கோளாறால் நடக்கவில்லை என்று இருக்கிறது. கம்பியின் உயரம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'பின்னால் மோதியவன் மேல்தான் தப்பு, ஒன்றும் கிடைக்காது மைனி' என்று துக்கத்துக்கு வந்தவர்களே அக்காவிடம் சொன்னார்கள்.

அது சரியில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 164-ம் பிரிவில், தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம் கேட்கலாம். ஆனால் அவசரப்பட்டு அதை வாங்கிக்கொண்டால் 166-ம் பிரிவில் போடுகிற முழு இழப்பீட்டு மனு போய்விடும். இதைக் கட்டாயம் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவன் மாதம் ரூ.15,000 சம்பாதித்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவனை நம்பி இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்குப்படி ஒரு வருடச் சம்பாத்தியத்தோடு வருங்கால உயர்வு 40 சதவீதம் கூட்டி, அவன் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, வயதுக்குரிய 16-ஆல் பெருக்கினால் ரூ.30 லட்சம் தாண்டுகிறது. பாதித் தப்பு இவன் மேல் என்று முடிவானால் ரூ.15 லட்சம் போய்விடும். கம்பியை அளக்காமல் விட்டதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுக்கிற விலை இது.

2024-ல் உச்ச நீதிமன்றத்தில் இதே போல ஒரு வழக்கு. இரவில் நடுரோட்டில் விளக்கில்லாமல் விட்டுப்போன டிரெய்லர் லாரியில் கார் மோதியிருந்தது. கார் ஓட்டியவருக்கும் பாதிப் பொறுப்பு என்று சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, முழுப் பொறுப்பும் லாரித் தரப்புக்கே என்றார்கள். டிரைவர் தப்பு செய்திருந்தாலும் அதை உடன் வந்த பயணிகள் தலையில் கட்ட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அதனால் மாவட்டப் போலீசாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். லாரியை நகர்த்துமுன் கம்பியை அளந்து, விளக்கையும் பட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகிற விரிவான விபத்து அறிக்கையில் எழுதுங்கள். டேப் விலை நூறு ரூபாய்கூட இருக்காது. குடும்பத்தாரும் துக்கத்தோடு துக்கமாக யாராவது ஒருவரை அனுப்பிப் படம் எடுத்துவிட வேண்டும். 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 'கருமாதி முடியட்டும், ஆடி போகட்டும்' என்று நாள் கடத்த வேண்டாம்.

எங்கள் மனு ஐந்தாவது மாதம் பதிவாயிற்று. அந்த லாரியை அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். போன வாரம் மூன்றடைப்பு பக்கம் பார்த்தேன். கம்பி இப்போது சரியான உயரத்தில், புது வெல்டும் புது மஞ்சள் பெயின்டுமாக இருக்கிறது. நான் எடுத்த படத்தில் டேப்பில் 84 என்ற எண் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை வக்கீல் மனுவோடு சேர்த்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.