கம்பி மாற்றிப் பார்த்தவர்கள்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு டாக்டர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

"புதிதாக என்ன கேட்கிறாய்?" என்றிருந்தாய். புதிதாக வந்த பழசு ஒன்று சொல்கிறேன். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 முதல் 1972 வரை பதிவு செய்த மின்னணு இசை, 2023இல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. எனக்கு இப்போதுதான் முழுசாகக் கேட்க வாய்த்தது. அந்த ஒலிநாடாக்களை ஆவணக் காப்பகத்திலிருந்து தோண்டி எடுத்துத் தொகுத்தவர் பால் பர்கஸ். எம்ப்டிசெட் என்ற மின்னணு இசை இரட்டையரில் ஒருவர். அவர்கள் பாட்டு ஒன்றை அனுப்பியபோது "ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சாடா?" என்று போன் செய்தாயே, அதே ஆள்தான்.

கதை இப்படி. 1969இல் டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் அமெரிக்காவிலிருந்து வந்து, அங்கே ஒரு மூக் சிந்தசைசரை, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவியை, பொருத்திக் கொடுத்தார். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். காலிகோ மில் குடும்பம். விக்ரம் சாராபாயின் தங்கை. பக்கவாஜ் என்ற வடநாட்டு மத்தளம் வாசித்தவர். 1946இல் நியூயார்க் போய், ஜான் கேஜ் என்ற புதுமை இசையமைப்பாளரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டு, பதிலுக்கு நம் சங்கீதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அண்ணன் ராக்கெட் விட்ட காலத்தில் தங்கைக்கு மூக் சிந்தசைசர்! ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற இளைஞர் தன் இசைத் துண்டுக்கு 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்த மூக் கருவியில் இன்றைக்குப் போல ஒரு பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல் வராது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கம்பி செருகி, குமிழைத் திருகித்தான் ஒலியைச் செய்ய வேண்டும். கம்பியைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு. அதனால் நாடாவில் நிறைய இடங்களில் பாட்டு என்று எதுவும் இல்லை, யாரோ குமிழைத் திருகி, "அட, இது என்ன?" என்று நின்று, மறுபடி திருகுவது போல இருக்கிறது. பாதி எனக்கு அலுப்புதான், மறைக்கவில்லை. ஆனால் எஸ்.சி. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெக்னோ என்ற மின்னணு நடன இசைக்குப் பெயரே இல்லாத காலத்தில், விடாமல் ஓடும் அந்தத் தாளம்! நம் மில் காலனியில் ராத்திரி ஷிப்டு ஓடும்போது சுவர் வழியே கேட்குமே, அதேதான்.

அப்புறம், ஐன்ஸ்டர்ட்சண்ட நொய்பாட்டன் என்ற ஜெர்மன் இசைக்குழு 2024இல் 'ராம்பன்' என்ற இசைத்தொகுப்பைப் போட்டார்கள். 1980இல் பெர்லினில் இரும்புத் தகட்டை அடித்துத் தொடங்கிய கூட்டம். மேடையில் ஒத்திகை இல்லாமல் வாசித்துப் பார்த்தவற்றை எடுத்துப் பாட்டாக்கியிருக்கிறார்கள். இத்தனை வருடம் ஆகியும் தட்டித் தடவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பாடகர் பிளிக்ஸா பார்கெல்ட் கத்துவதைக் குறைத்துவிட்டார், உனக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்குப் பிடித்தது.

இங்கிலாந்து மின்னணு இசைக்கலைஞர் கோசி ஃபானி டுட்டி 2025இல் '2டி2' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டிருக்கிறார். அதை இனிமேல்தான் கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அகமதாபாத் இசைத்தட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஹெட்போனில்தான் கேட்க வேண்டும், சொல்லிவிட்டேன். போன தடவை நீ வைத்த சத்தத்துக்கு மாடி வீட்டுக்காரர் மிக்ஸி பழுதா என்று விசாரிக்க வந்துவிட்டார்.

அன்புடன்,
ரவி