எலும்புக் கூட்டைக் குப்பையில் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வீடியோவில் வந்தபோது இங்கே வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை, அங்கே மினசோட்டாவில் வியாழன் ராத்திரி பத்து. விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள், சிங்க் நிறையப் பாத்திரம், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியில் பாதிகூடச் செலவாகவில்லை. "கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டுத் தூங்கப் போறேன்ப்பா" என்றாய். ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டுப் படு என்றேன். செய்தாய்தானே? சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலும் மூன்று நாலு நாள்தான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த எலும்பைச் சூப்புக்கு அடுப்பில் ஏற்றிவிடு.

பொங்கலுக்கு மறுநாள் நம் வீட்டில் மிஞ்சின அவியல், சாம்பார், பொரியல் எல்லாம் ஒரே மண்சட்டியில் விழுந்து, சுண்டச் சுண்ட வெந்து பழங்கறி ஆகும். பண்டிகை அன்றைக்கு அவியலைத் தொடாத நீ, மறுநாள் பழஞ்சோற்றுக்குச் சட்டியைச் சுரண்டுவாய். அதே நினைப்பில் எல்லாவற்றையும் சூப்பில் கொட்டிவிடாதே. அந்தச் சிவப்புக் கிரான்பெர்ரி பச்சடி ஒரு கரண்டி விழுந்தால் பானையே போச்சு.

முதலில் கூட்டில் ஒட்டியிருக்கிற கறியைப் பிய்த்துத் தனியே எடுத்து வை. அது ஏற்கெனவே வெந்த கறி, திரும்ப வேகவைத்தால் நார்தான். எலும்பை உடைத்துப் பெரிய பானையில் போட்டு, மூழ்கி இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்று. ஒரு வெங்காயம், கேரட், செலரித் தண்டு, பத்துப் பதினைந்து மிளகு. தளதளவென்று கொதிக்க விட்டால் கலங்கிப் போகும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வருகிற தணலில் மூன்று மணி நேரம். ஆட்டுக்கால் சூப்புக்குச் செய்வோமே, அந்தப் பொறுமை. வடிகட்டி, சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை. பானையோடு வைத்தால் நடுவில் சூடு ஆறவே ஆறாது. காலையில் மேலே கொழுப்பு உறைந்திருக்கும், கீழே சாறு அல்வா மாதிரி ஆடும். கெட்டுவிட்டதோ என்று பயப்படாதே, எலும்பின் பசை இறங்கினால் அப்படித்தான்.

உப்பு மட்டும் இப்போது வேண்டாம். குட்டி பிறந்த வருஷம் நாங்கள் அங்கே இருந்தபோது நான் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? வறுக்கிறதற்கு முந்தின நாளே வான்கோழியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தது எனக்குத் தெரியாது. நம்மூர்க் கைப்பழக்கத்தில் ஒரு பிடி போட்டேன். சுண்டச் சுண்டக் கடல் தண்ணீர் ஆகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் மரியாதைக்கு ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். பாவம், அன்று ராத்திரி அவர் எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாரோ!

சாறு தயாரானால் பாதியை உங்கள் மினசோட்டா வழியிலேயே செய். அமெரிக்காவிலேயே அதிகம் வான்கோழி வளர்க்கிற மாநிலம் அல்லவா! காட்டரிசியும் அங்கே விளைவதுதான். நம் நெல் வேறு, அது வேறு. ஏரித் தண்ணீரில் வளர்கிற ஒரு புல்லின் விதை. அங்கத்திப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் ஓடத்தில் போய்க் கோலால் தட்டி உதிர்த்து எடுப்பார்கள். 1977-இல் அதை மாநிலத் தானியமாகவே அறிவித்தார்கள். தனியாக வேகவை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கறுப்புத் தோல் வெடித்து உள்ளே வெளுப்புத் தெரிந்தால் பதம். சூப்பிலேயே போட்டால் சாறு முழுவதையும் அதுவே குடித்துவிடும். வெண்ணெயில் வெங்காயம், கேரட், செலரி வதக்கிச் சாறு ஊற்று. மைதாவுக்குப் பதில் மிஞ்சின உருளைக்கிழங்கு மசியலைக் கரைத்து விட்டால் கெட்டியாகும். அரிசி, அப்புறம் கறி, இறக்கும்போது கொஞ்சம் கிரீம்.

மீதிப் பாதியைப் பற்றி அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டி, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, நுரை கட்டியதும் இறக்கி மல்லித்தழை போடச் சொல்கிறாள். புளி வேண்டாமாம். நான் கொஞ்சம் விடலாம் என்பேன். நீயே பார்த்துக்கொள். குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது என்றாயே, அவளுக்கு மிளகைக் குறைத்து இதையே சோற்றில் பிசைந்து கொடு. செலவாகாததை ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மூன்று மாசம் நிற்கும். டப்பாவை விளிம்பு வரை நிரப்பாதே, உறையும்போது உப்பும்.

ஞாயிறு காலை அடுப்பில் வைத்ததும் கூப்பிடு. உப்பு போடுவதற்கு முன்னால்.

அப்பா