ஸ்டீராய்டு இன்ஹேலர்: ஈசினோபில் கணக்கைப் பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு,

ஆஸ்துமாவுக்கும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் நம் ஊரில் ‘வீசிங்’ என்று ஒரே பெயர். மருந்துச் சீட்டிலும் பல நேரம் ஒரே இன்ஹேலர்தான்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்தது. ஆஸ்துமாவுக்கு அது சரி. அங்கே ஸ்டீராய்டுதான் அடிப்படை மருந்து. பயந்து நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வரும் சிஓபிடியில் கணக்கு வேறு.

2007இல் வெளியான டார்ச் ஆய்வில் 6,000க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெட்ராலுடன், ஸ்டீராய்டான புளூட்டிகசோன் 500 மைக்ரோகிராம் இருவேளையும் இழுத்தவர்களில் நிமோனியா 19.6 சதவீதம், மருந்தில்லாத வெற்றுப்பொடி இழுத்தவர்களில் 12.3. அதே கலவை, மூச்சுத்திணறல் திடீரென முற்றுவதைக் கால் பங்கு குறைத்ததும் உண்மை. அதனால்தான் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியே எழுகிறது.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். கூடவே கிருமியை விழுங்கும் செல்களையும் மந்தமாக்கும். சிஓபிடி நுரையீரலில் சளி தேங்கி ஏற்கெனவே கிருமி குடியிருக்கும். 55 வயதைக் கடந்தவர்கள், இன்னும் புகைப்பவர்கள், மெலிந்தவர்கள், முன்பு நிமோனியா வந்தவர்கள் இந்த நிமோனியாவில் கூடுதலாகச் சிக்குகிறார்கள். அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும். புளூட்டிகசோனைவிட புடசோனைடு என்ற இன்னொரு ஸ்டீராய்டு பாதுகாப்பானது என்று சில ஆய்வுகள் சொன்னாலும், 2016இல் ஐரோப்பிய மருந்து முகமை இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை என்றே முடிவு செய்தது.

யாருக்குப் பலன் தரும் என்பதற்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையே வழிகாட்டும். அதில் பார்க்க வேண்டியது ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளையணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளையணு 8,000, அதில் ஈசினோபில் 2 சதவீதம் என்றால் ஈசினோபில் எண்ணிக்கை 160. இது 100க்குக் கீழே இருந்தால் ஸ்டீராய்டால் பலன் சொற்பம், தொற்றுதான் மிச்சம். 300க்கு மேல், அதோடு அடிக்கடி நோய் முற்றினால் கொடுக்கலாம். இடைப்பட்டவர்களுக்கு, விரிக்கும் மருந்துகளைச் சரியாக இழுத்தும் நோய் முற்றுகிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஓடும்போது ரத்தம் எடுத்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வயிற்றில் பூச்சி இருந்தால் பொய்யாக ஏறும். நம் பக்கத்தில் இந்த இரண்டாவதை மறக்கவே கூடாது.

இன்னொன்று காசநோய். முன்பு டிபி வந்து நுரையீரலில் தழும்பு உள்ளவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கும் இளைப்பு வரும், அவர்கள் கையிலும் இதே இன்ஹேலர். ஸ்டீராய்டு தொடங்கும் முன் எக்ஸ்ரேயும், சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனையும் வேண்டும். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வாய் கொப்பளித்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இழுத்தவுடன் தொண்டை வரை கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெள்ளைப் படலம் வருவது குறையும். நுரையீரலுக்குள் போன மருந்துக்கு அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல், ஒரு பக்கம் நெஞ்சு குத்தல் இருந்தால் ‘வழக்கமான இளைப்புதானே’ என்று பஃப்பைக் கூட்டாமல் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிமோகாக்கல் தடுப்பூசியும் ஆண்டுதோறும் ஃபுளூ ஊசியும் இவர்களுக்கு அவசியம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். ஈசினோபில் 300க்கு மேல் உள்ளவர்கள் நிறுத்தினால் நோய் முற்ற வாய்ப்பு அதிகம். மருத்துவர்களிடம் கேட்பது இதுதான்: ஸ்டீராய்டு எழுதும் சீட்டிலேயே ஆஸ்துமாவா சிஓபிடியா, ஈசினோபில் எத்தனை, முன்பு டிபி உண்டா என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஊரில் அந்தச் சீட்டைப் பார்க்கும் மருத்துவருக்கு, இன்ஹேலரைத் தொடர்வதா மாற்றுவதா என்று தீர்மானிக்க அது உதவும்.

நுரையீரல் நோய் மருத்துவர்,
மதுரை